வழுக்காத குளியலறை: மூட்டுவலிக்காரர்களுக்கு நம்மால் ஆனது

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் பிரிவு மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் தோழிகள் செயற்கைக்கோள், ரோபோ, சூரிய மின்சாரம் என்று தலைப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். நான் குளியலறை என்றேன். "பாத்ரூமைப் பத்தி என்னடி எழுதப் போறே?" என்று சிரித்தார்கள். எழுத நிறைய இருக்கிறது. நாலடிக்கு ஆறடி இடம். அதற்குள் தண்ணீர், சோப்பு, மின்சாரம், வெந்நீர், ஒரு படி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. நமக்கு ஐந்து நிமிட வேலை. மூட்டுவலி உள்ளவருக்கு அது தினமும் எழுதும் பரீட்சை.

நாம் மூன்று வருடம் படிக்கிற விசை, திருப்புத்திறன், உராய்வு, கான்கிரீட், வயரிங் எல்லாவற்றுக்கும் இந்த நாலடிக்கு ஆறடியில் வேலை இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

மூட்டுவாதம் என்பது என்ன?

மூட்டுவாதம் ஒரே நோய் அல்ல. நூறு வகைக்கு மேல் உண்டு என்கிறது மருத்துவம். நாம் அதிகம் பார்ப்பது இரண்டு. ஒன்று மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது நம் இயந்திரவியல் நண்பர்கள் சொல்லும் பேரிங் மாதிரி. அது தேயத் தேய அசைவு கடினமாகி வலி வரும். முழங்கால், இடுப்பு, கைவிரல் மூட்டுகளில் அதிகம். மற்றொன்று முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, விரல், மணிக்கட்டு என்று சின்ன மூட்டுகளில் வரும். இது வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல, முப்பது நாற்பது வயதுப் பெண்களுக்கும் வருகிறது.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம் உள்ளவருக்குக் காலையில் எழுந்ததும் மூட்டெல்லாம் இறுகிப்போய் இருக்கும். அது தளர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் மனிதன் கழிவறைக்கும் குளியலறைக்கும் போவது அந்தக் காலை நேரத்தில்தான். உடம்பு மிக மோசமாக ஒத்துழைக்கும் நேரத்தில், வீட்டிலேயே மிக வழுக்கலான இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பத்தாவின் தண்ணீர்க் கணக்கு

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் எங்கள் அப்பத்தா. நாற்பது வருடம் நாற்று நட்ட கால்கள். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, விரல்களும் மடங்குவதில்லை. போன வருடம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் அம்மா, "பாட்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அப்பத்தா பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னது: "தண்ணி குடிச்சா எந்திரிச்சுப் போகணும்ல ஆத்தா. குத்தவச்சா எந்திரிக்க முடியல. அதான் குடிக்கிறதில்ல."

கழிவறைக்குப் பயந்து ஒரு மனுஷி தண்ணீரைக் குறைத்திருக்கிறது. வலிக்கு மாத்திரை இருந்தது, நீர்க்கடுப்புக்கும் மாத்திரை இருந்தது. ஆனால் நோயை வரவழைத்தது தரையோடு தரையாகப் பதித்திருந்த பீங்கான். அதை மாற்ற டாக்டரால் முடியாது. கொத்தனாரான என் அப்பாவாலும் சிவில் படிக்கிற என்னாலும் முடியும். ஆகவே நானும் அப்பாவும் செய்து பார்த்தவற்றையும், படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. தரை

கண்ணாடி மாதிரி மின்னும் டைல்ஸ் கூடத்துக்கு அழகு, குளியலறைக்கு ஆபத்து. டைல்ஸ் வாங்கும்போது பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும். இது ஜெர்மன் தர விதிப்படி செய்யும் சோதனை. சாய்தளத்தில் ஓடுகளைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, காலணி போட்ட ஒருவரை நடக்கவிட்டு, சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்தக் கோணம் வரை வழுக்கவில்லை என்பதே தரம். ஆர் 10 என்றால் 10 பாகைக்கு மேல் 19 வரை, ஆர் 11 என்றால் 19க்கு மேல் 27 வரை. வெறுங்காலுக்குத் தனிச் சோதனை உண்டு. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. முறையே 12, 18, 24 பாகையாவது தாங்க வேண்டும். குளிக்கும் இடத்துக்குக் கடையில் "பி வகுப்பா?" என்று கேட்டு வாங்கலாம்.

எண்ணெய் ஊற்றிச் சோதிப்பதைப் படித்தபோது எனக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் ஞாபகம் வந்தது. நல்லெண்ணெய் கலந்த தண்ணீர் தரையில் ஓடும்போது எந்த டைல்ஸிலும் பிடிப்பு குறைந்துவிடும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

ஏற்கெனவே போட்ட டைல்ஸை உடைக்க வசதியில்லையா? சொரசொரப்பான வழுக்காத ஒட்டுப் பட்டைகளைக் கால் வைக்கும் இடங்களில் ஒட்டலாம். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்பு போடலாம். பழைய சேலைத்துணி, சாக்கு இவற்றைத் தரையில் விரிக்கவே கூடாது. அவை துணியோடு சேர்ந்து நகரும்.

தண்ணீர் தேங்கக் கூடாது. மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வாட்டம் போதும். அதிக வாட்டம் கொடுத்தால் தண்ணீர் வேகமாக ஓடும், ஆனால் ஸ்டூலும் சாயும், மனிதரும் சாய்வார்.

2. உட்காரும் உயரம்

படி ஏறும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு சுமை விழுகிறது. குத்தவைத்து எழும்போது முழங்கால் முழுசாக மடங்கி, அங்கிருந்து உடம்பு முழுவதையும் தூக்க வேண்டும். தேய்ந்த மூட்டுக்கு அது பெரிய தண்டனை.

2014 அக்டோபர் 2ஆம் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கி, வீட்டுக்கு 12,000 ரூபாய் உதவியில் கிராமங்களில் ஏராளமான கழிவறைகள் கட்டப்பட்டன. நல்ல விஷயம். நான் பார்த்த அளவில் பெரும்பாலும் குத்தவைக்கும் வகைதான். முழங்கால் போனவர்களுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி.

வழி இரண்டு. ஒன்று, மேல்நாட்டுப் பீங்கான் பதிப்பது. அமெரிக்க விதி இருக்கையின் மேல்மட்டம் 43 முதல் 48 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நம் கடைகளில் கிடைப்பது பல சமயம் இதைவிடத் தாழ்வு. அடியில் மேடை கட்டியோ, மேலே உயர்த்தி இருக்கை வைத்தோ சரிசெய்யலாம். ஆளுக்கு ஆள் அளவு மாறும். அவரை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடியுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் கூடுதலாக வைத்தால் எழுவது சுலபம். ரொம்ப உயர்த்தினால் பாதம் தரையில் படாமல் தொங்கும், அதுவும் ஆபத்து.

இரண்டாவது வழி, இருக்கிற பீங்கானுக்கு மேலேயே நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வைப்பது. மருந்துச் சாமான் கடைகளில் கிடைக்கும். எங்கள் வீட்டில் இதுதான். "எல்லாரும் உக்காந்த இடத்துல நான் உக்கார மாட்டேன்" என்று அப்பத்தா வெஸ்டர்னுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதுக்கென்று தனி நாற்காலி என்றதும் சரி என்றது. கட்டுகிறவர் இஷ்டத்தைவிடப் பயன்படுத்துகிறவர் மனசு முக்கியம். நாற்காலிக் கால்களில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

3. கைப்பிடி: இங்கேதான் நம் பாடம் வருகிறது

எழும்போது கை எதையாவது தேடும். துண்டு போடும் கம்பியையோ குழாயையோ பிடிக்கும். இரண்டுமே மனித எடைக்குச் செய்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் துண்டுக் கம்பி கையோடு வந்து அந்தத் தாத்தா விழுந்தார்.

கணக்குப் போடுவோம். 60 கிலோ ஆள், அதாவது சுமார் 600 நியூட்டன். முழு எடையும் கம்பியின் ஒரு முனையில் விழுகிறது என்று மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். கம்பியின் மையம் சுவரிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கிறது. திருப்புத்திறன் 600 × 60 = 36,000 நியூட்டன் மி.மீ. தகட்டில் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் 50 மி.மீ. இடைவெளி என்றால், மேல் திருகை வெளியே பிடுங்கும் விசை 36,000 ÷ 50 = 720 நியூட்டன். சாதாரணமாகப் பிடித்து எழும்போது இது. கால் வழுக்கிச் சட்டென்று பிடித்தால்? திடீர்ச் சுமை, மெல்ல ஏற்றும் சுமையைவிட இரண்டு மடங்கு தகைவைத் தரும் என்று பொருள்களின் வலிமைப் பாடத்தில் தருவித்தோமே, அதுதான் இங்கே. 1,440 நியூட்டன்.

இப்போது சுவரைப் பாருங்கள். டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் கலவை 12, பூச்சு 12. மொத்தம் 32 மி.மீ. கடையில் கம்பியோடு கொடுக்கும் திருகு 50 மி.மீ. என்றால் செங்கல்லுக்குள் போவது வெறும் 18 மி.மீ. மிச்சமெல்லாம் பூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் பிடுங்கிக்கொண்டு வருகிறது. 75 முதல் 100 மி.மீ. நீள ஆங்கர் போல்ட் போட்டு, கல்லின் நடுவில் துளையிட வேண்டும், கலவை இணைப்பில் அல்ல. சுவர் நாலரை அங்குலம்தான் அல்லது உள்ளே பொள்ளல் உள்ள பிளாக் என்றால், அப்பா சொன்ன வழி இதைவிட நல்லது: "தாயி, அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டையப் போட்டு, பின்னாடி ஒரு தகடு வச்சு நட்டு முடுக்கிரு. செவுரே வந்தாத்தான் கம்பி வரும்."

கம்பியின் தடிமன் அமெரிக்க விதிப்படி 32 முதல் 51 மி.மீ. வரை. நம் ஊர் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 42.4 மி.மீ. கச்சிதமாகப் பொருந்தும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. விரல் மடங்காதவர்களுக்கு மெல்லிய கம்பியைவிடத் தடித்ததுதான் வசதி. சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மி.மீ. அதற்குக் குறைந்தால் விரல் நுழையாது, கூடினால் வழுக்கும்போது முன்கை உள்ளே போய்ச் சிக்கும்.

உயரம்? விதி 84 முதல் 91 செ.மீ. என்கிறது. வீட்டுக்கு அந்த நபரையே உட்காரவைத்து, அவர் கை இயல்பாக அழுத்தும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவதே சரி. விரலால் பிடிக்கவே முடியாதவருக்கு முன்கையை வைத்து ஊன்ற அகலமான கைத்தாங்கி வேண்டும்.

மாட்டியதும் சோதிக்காமல் விடாதீர்கள். அந்த விதி கம்பி 250 பவுண்டு விசை தாங்க வேண்டும் என்கிறது, சுமார் 113 கிலோ எடை. நானும் அப்பாவும் சேர்ந்து 114 கிலோ. கலவை நன்றாக இறுகிய பிறகு இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தோம். அப்பத்தா வாசலில் நின்று, "கழுதைங்க ரெண்டும் என்ன பண்ணுதுக" என்று கேட்டது.

டைல்ஸில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை நம்பி உடம்பைக் கொடுக்காதீர்கள். காற்றுப் புகுந்தால் சொல்லாமல் விடும்.

4. குழாய்

உருண்டைத் திருகு உள்ள குழாயின் ஆரம் 2.5 செ.மீ. திறக்க 1 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 ÷ 0.025 = 40 நியூட்டன் விசை. இதோடு முடியவில்லை. சோப்புக் கையில் உராய்வு எண் 0.2 என்று வைத்தால், வழுக்காமல் திருகுவதற்கு விரல்கள் 40 ÷ 0.2 = 200 நியூட்டன் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருபது கிலோ எடைக்குச் சமம். முடக்குவாத விரலுக்கு இது நடக்கிற காரியமா?

இதே குழாய்க்கு 10 செ.மீ. நீள நெம்புகோல் கைப்பிடி இருந்தால் 10 நியூட்டன் போதும். பிடிக்கவே வேண்டாம், மூடிய கையாலோ முழங்கையாலோ தள்ளலாம். கால் சுற்றில் திறக்கும் நெம்புகோல் குழாய் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு ஸ்பேனர், கொஞ்சம் டெஃப்லான் நாடா, அரை மணி நேரம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கழுவுவதற்கு மாட்டும் கைத்தெளிப்பான் விஷயத்தில் கவனம். விசையை விரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டிய வகை, விரல் வலிக்காரர்களுக்கு ஆகாது. சுவரில் நெம்புகோல் வால்வு வைத்து, தலைப்பகுதி எப்போதும் திறந்திருக்கும் வகை நல்லது.

சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கர், மனைவிக்குக் கையில் மூட்டுவாதம் இருந்ததால் காய் சீவும் கத்தி பிடிக்கத் திணறுவதைப் பார்த்து, தடித்த ரப்பர் பிடிகளோடு சமையல் கருவிகளை 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைவலி இல்லாதவர்களும் அதையே விரும்பி வாங்கினார்கள். நெம்புகோல் குழாயும் அப்படித்தான். இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

5. வாளியும் செம்பும்

18 லிட்டர் வாளி நிரம்பினால் 18 கிலோ. அதைக் கம்பிப் பிடியில் தூக்கினால் பாரம் முழுக்க விரல் மடிப்பில் விழும். ஆகவே வாளி நகரக்கூடாது. குழாய்க்கு நேர் கீழே, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் செங்கல்லில் ஒரு மேடை கட்டி அதன்மேல் வாளியை வையுங்கள். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். ஒரு லிட்டர் செம்பைத் தூக்கும்போது மணிக்கட்டில் ஒரு கிலோ. அரை லிட்டர்ச் செம்பு வைத்தால் பாதி.

உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஈர டைல்ஸில் விலகும். ரப்பர் அடி உள்ள ஸ்டூல் வேண்டும், அல்லது சுவரோடு சேர்த்து 45 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்தில் திண்டு கட்டலாம். ஓரத்தை உருட்டிவிடுங்கள். தண்ணீர் வடிய லேசான வாட்டம் கொடுங்கள். சோப்பு நழுவாமல் இருக்க வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம். பீர்க்கங்கூட்டை நீளக் கைப்பிடியில் கட்டினால் முதுகு எட்டும்.

6. வெந்நீரும் மின்சாரமும்

வெதுவெதுப்பான நீர் இறுகிய மூட்டைத் தளர்த்தும். ஆனால் 60 பாகை வெப்ப நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். சட்டென்று நகர முடியாதவருக்கு இது பெரிய ஆபத்து. கீசர் இருந்தால் 49 பாகைக்கு மேல் போகாமல் வையுங்கள். அடுப்பில் காய்ச்சினால் கைவலிக்காரர் பானையைத் தூக்கி வரக் கூடாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு இருக்கும் வீட்டில், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். மின்னியல் நண்பர்கள் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். விளக்கு சுவிட்ச் கதவுக்கு வெளியே, பெரிய பட்டனாக இருக்கட்டும். ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

7. கதவு

நம் வீடுகளில் குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே ஒருவர் கதவை ஒட்டி விழுந்துவிட்டால், தள்ளத் தள்ள அவர்மேல்தான் இடிக்கும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்யுங்கள். இடமில்லை என்றால் பக்கவாட்டில் நகரும் கதவு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். புதிதாகக் கட்டும்போது 90 செ.மீ. வழி விடுங்கள். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தாலும் நுழையும்.

தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சாண் கட்டு வைப்பது நம் வழக்கம். முழங்கால் வலிக்காரர் தடுக்கி விழுவது அங்கேதான். வாட்டம் சரியாக இருந்தால் கட்டே தேவையில்லை. இருக்கிற கட்டை இடிக்க முடியாவிட்டால் வெளியே அரைப் படி ஒன்று போட்டு, பக்கத்தில் நேர்க்குத்தாக ஒரு கைப்பிடி வையுங்கள்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

"சுவரில் ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார்" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஓட்டை போடாமலே செய்யக்கூடியவை உண்டு: ஓட்டை நாற்காலி, ரப்பர் விரிப்பு, குழாய் மாற்றம் (பழைய குழாயை எடுத்து வைத்துக் காலி செய்யும்போது மாட்டிவிடலாம்), வாளிக்கு ஸ்டாண்டு, இரவு விளக்கு. இருபுறமும் கைப்பிடி உள்ள தனிச் சட்டத்தைப் பீங்கானைச் சுற்றி நிறுத்தலாம். அதை நம் பட்டறையிலேயே பற்றவைக்க முடியும். கால்களை அகலமாக வைத்து ரப்பர் புஷ் போட வேண்டும்.

முடிவாக நண்பர்களே!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் 2021இல் வந்த ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளிலும் அளவுகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். அங்கே கொத்தனாரும், பிளம்பரும், எலக்ட்ரீஷியனும், அவர்களுக்கு வரைபடம் கொடுக்கிற நாமும்தான்.

வலிக்குச் சிகிச்சை மருத்துவர் வேலை. எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எதைச் செய்யக் கூடாது என்பதை அவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். வெட்கப்பட்டு முதலில் சொல்லமாட்டார்கள். நான்கைந்து தடவை கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது டேப்பும் சாக்பீஸும் எடுத்துப் போங்கள். முழங்கால் மடிப்பு உயரம், கதவின் அகலம், வாசல் கட்டின் உயரம், கை ஊன்றும் இடம் என்று நான்கு அளவு எடுத்து வாருங்கள். சிவில் நாங்கள் வரைகிறோம், மெக்கானிக்கல் சட்டம் பற்றவைக்கட்டும், எலக்ட்ரிகல் ஆர்.சி.சி.பி. பார்க்கட்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைவிட உபயோகமான தலைப்பு எனக்குத் தெரியவில்லை. சேர விரும்புகிறவர்கள் எங்கள் வகுப்பில் வந்து பேசுங்கள்.